டேட்டாபேஸுக்குப் பாஸ்வேர்டா, சான்றிதழா, டோக்கனா?

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, ஆடிட் வருது. எல்லா டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்கும் கிளையன்ட் சர்ட்டிஃபிகேட் போட்டுடலாம்னு மேனேஜர் சொல்றாரு. இருக்கிற பாஸ்வேர்டே போதும்னு சீனியர் சொல்றாரு. யாரு சொல்றது சரி?" அதே வாரத்தில் மான்யதா பார்க்கில் இருக்கும் இன்னொருத்தியும் கிட்டத்தட்ட இதையே கேட்டாள். அவள் டீமில் மூன்றாவதாக ஒருவர் கிளவுட் டோக்கன் என்று வேறு கிளப்பிவிட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். எழுதியே வைத்துவிடுகிறேன். (கிளையன்ட் சர்ட்டிஃபிகேட் என்றால், டேட்டாபேஸில் நுழையும் ஆப் தான் யார் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ். டோக்கன் என்றால், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லும் நுழைவுச் சீட்டு.)

உதாரணங்கள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில்தான். நான் தினமும் கை வைப்பது அதில். மைஎஸ்க்யூஎல் காரர்களுக்கும் கணக்கு ஒன்றுதான், பெயர்கள்தான் மாறும்.

## முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

எது பாதுகாப்பானது என்று கேட்டால் பதில் எப்போதும் சான்றிதழ் என்றே வரும். நான் ஐந்தாகப் பிரித்துக் கேட்பேன்.

ஒன்று, வழியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவனுக்கு ஏதாவது கிடைக்குமா? இரண்டு, நாம் பேசுவது நம் சர்வரோடுதானா, அல்லது நடுவில் புகுந்தவனோடா? மூன்று, ரகசியம் கசிந்துவிட்டால் எவ்வளவு நேரம் ஆபத்து? நான்கு, வேலையை விட்டுப் போனவரை எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ள முடியும்? ஐந்து, புதுப்பிப்பது யார் வேலை? அந்த ஆள் லீவில் இருந்தால் என்ன ஆகும்?

கட்டுரையை எழுத வைத்ததே ஐந்தாவது கேள்விதான். முதல் இரண்டையும் எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

## வழி 1: "உள் நெட்வொர்க்தானே" என்று விட்டுவிடுவது, அல்லது டனல்

டேட்டாபேஸுக்குப் பப்ளிக் ஐபி இல்லை, அப்புறம் எதற்கு என்கிரிப்ஷன் (போகும் தரவைப் பூட்டி அனுப்புவது) என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு மெஷினில் ஆள் புகுந்துவிட்டால் அந்தச் சுவர் எதற்கும் ஆகாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றிருக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் என்கிரிப்ஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஆடிட்டரிடம் "உள் நெட்வொர்க் சார்" என்று சொல்லித் தப்பிக்கும் காலம் போய்விட்டது.

எஸ்எஸ்எச் டனலோ வயர்கார்டோ (இரண்டுமே நெட்வொர்க்கில் பூட்டிய தனிப்பாதை போடுபவை) போட்டால் நிலைமை தேவலாம். டெவலப்பர் லேப்டாப்பில் இருந்து டேட்டாபேஸைப் பார்க்க நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஒயிட்ஃபீல்டு ஆபீசையும் மும்பை ரீஜியனில் இருக்கும் சர்வர்களையும் இணைக்கவும் சரி. ஆனால் டனல் முடிவது நடுவில் வாசல் மாதிரி நிற்கும் ஜம்ப் சர்வரில். அங்கிருந்து டேட்டாபேஸ் வரை உள்ள கடைசி முழம் வெறும் டெக்ஸ்டாகவே போகும். தவிர, டேட்டாபேஸ் லாகில் எல்லோரும் அந்த ஜம்ப் சர்வரின் ஐபியில் இருந்தே வந்ததாக இருக்கும். அதோடு ஒரே யூசரையும் எல்லோரும் பகிர்ந்துகொண்டால், யார் எந்த டேபிளை டிராப் செய்தது என்று தேடும் அன்றைக்குத்தான் வலி தெரியும்.

## வழி 2: டிஎல்எஸ், கூடவே பாஸ்வேர்டு

டிஎல்எஸ் என்பது இரண்டு முனைக்கும் நடுவே போவதை என்கிரிப்ட் செய்யும் முறை, எஸ்எஸ்எல் அதன் பழைய பெயர். முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. ஒழுங்காகச் செய்தால்.

போஸ்ட்கிரெஸ் கிளையன்ட் எப்படிப் பேச ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். 5432 போர்ட்டில் இணைந்ததும், "எஸ்எஸ்எல் பேசலாமா?" என்று கேட்கும். சர்வர் ஒரே ஒரு எழுத்தில் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும். எஸ்எஸ்எல்மோட் என்ற செட்டிங்கை நீங்கள் தொடவில்லை என்றால் அதன் இயல்பு மதிப்பு 'பிரிஃபர்'. சர்வர் இல்லை என்று சொன்னால், சரி பரவாயில்லை என்று கிளையன்ட் வெறுமனே பேச ஆரம்பித்துவிடும். அந்த 'இல்லை'யைச் சொன்னது உண்மையான சர்வர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. நடுவில் இருப்பவன் அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் போதும், என்கிரிப்ஷன் காலி. எந்த எச்சரிக்கையும் வராது.

இதைப் படித்ததும் 'ரிக்வயர்' என்று மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. நானும் இரண்டு வருஷம் அப்படித் தூங்கியவன்தான். ரிக்வயரில் என்கிரிப்ஷன் கட்டாயம், ஆனால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்காது. (சர்வரைச் சரிபார்க்க உதவும் ரூட் சான்றிதழ் கோப்பு அதன் வழக்கமான இடத்தில் இருந்தால் மட்டும் பார்க்கும். பழைய வழக்கத்துக்காக விட்டு வைத்த விதிவிலக்கு, அதை நம்பிப் படுக்க வேண்டாம்.) கவருக்கு அரக்கு சீல் எல்லாம் வைத்துவிட்டு, வாசலில் முதலில் கை நீட்டியவரிடம் கொடுத்துவிட்டு வருவது மாதிரி. முதல் கேள்வியும் இரண்டாம் கேள்வியும் வேறு வேறு என்று சொன்னது இதற்காகத்தான்.

வேண்டியது 'வெரிஃபை-ஃபுல்'. சர்வரின் சான்றிதழில் நாம் நம்பும் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கையெழுத்திட்டிருக்கிறதா என்று பார்க்கும், அதிலுள்ள பெயர் நாம் கூப்பிட்ட ஹோஸ்ட்நேம்தானா என்றும் பார்க்கும். இதற்கு ஒரு படி கீழே இருக்கும் 'வெரிஃபை-சிஏ' கையெழுத்தை மட்டும் பார்க்கும். நம் டேட்டாபேஸ்களுக்கு மட்டுமே சான்றிதழ் தரும் சொந்த சிஏ என்றால் அது பெரும்பாலும் போதும். அமேசான் கிளவுடின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் சேவை மாதிரியான இடத்தில் போதாது. அந்த ரீஜியனில் இருக்கும் அத்தனை வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸுக்கும் கையெழுத்துப் போடுவது ஒரே குடும்பத்து சிஏக்கள். பக்கத்து வீட்டுக்காரர் டேட்டாபேஸும் வெரிஃபை-சிஏவில் பாஸ் ஆகிவிடும்.

பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையில், பழைய எம்டி5-ஐ விட்டு ஸ்க்ராமுக்கு வந்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 10-இல் வந்தது, 14-இல் இருந்து அதுவே இயல்பு. இதில் பாஸ்வேர்டு வயரில் போவதே இல்லை. இதிலும் ஒரு பொந்து உண்டு. போலி சர்வர் ஒன்று "ஸ்க்ராம் எல்லாம் வேண்டாம், பாஸ்வேர்டை அப்படியே சொல்லு" என்று கேட்டால் பழைய கிளையன்ட் சமர்த்தாகச் சொல்லிவிடும். பதிப்பு 16-இல் வந்த 'ரிக்வயர் ஆத்' என்ற செட்டிங், இன்ன முறைக்கு மட்டும்தான் பதில் சொல்வேன் என்று கிளையன்டைப் பிடிவாதம் பிடிக்க வைக்கும். வெரிஃபை-ஃபுல் இருந்தால் போலி சர்வர் அதுவரை வரவே முடியாது, இருந்தாலும் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

மறைமுகச் செலவு என்ன? ரூட் சான்றிதழை எல்லா ஆப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அது காலாவதி ஆகும்போது திரும்பவும் சேர்க்க வேண்டும். ஆர்டிஎஸ்ஸின் 2019 சிஏ 2024 ஆகஸ்ட் 22-இல் முடிந்தபோது பல டீம்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. இன்னொன்று, ஐபி முகவரி போட்டு இணையும் பழைய ஸ்கிரிப்டுகள். சான்றிதழில் பெயர் மட்டும் இருந்தால் வெரிஃபை-ஃபுல்லில் அவை விழும். உடனே யாராவது ஒருவர் ரிக்வயருக்கு இறக்கிவிட்டு 'ஃபிக்ஸ்ட்' என்று டிக்கெட்டை மூடுவார். கோட் ரிவ்யூவில் இதற்கென்றே ஒரு கண் வையுங்கள்.

வேகம் குறையுமா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். செலவு பெரும்பாலும் தொடக்கத்தில் நடக்கும் ஹேண்ட்ஷேக்கில்தான், திறந்ததை மூடாமல் திரும்பப் பயன்படுத்தும் கனெக்‌ஷன் பூல் இருந்தால் மறந்துவிடலாம்.

## வழி 3: கிளையன்ட் சான்றிதழ்

இதில் ஆப்பும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். யார் எப்படி உள்ளே வரலாம் என்று எழுதி வைக்கும் பிஜி எச்பிஏ கோப்பில், அந்த ஆப்புக்கான வரிக்கு முறை 'செர்ட்' என்று போட்டால், சான்றிதழில் உள்ள பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும், பாஸ்வேர்டே கேட்காது. பெயர்கள் வேறாக இருந்தால் ஐடென்ட் கோப்பில் மேப் எழுதிக்கொள்ளலாம். மைஎஸ்க்யூஎல்லில் யூசருக்கு 'ரிக்வயர் எக்ஸ்509' என்று போடுவது. கிட்டத்தட்ட அதே விஷயம், ஆனால் அங்கே பாஸ்வேர்டும் கூடவே இருக்கும்.

பேப்பரில் அருமை. நடைமுறையில் என்ன ஆனது என்று சொல்கிறேன். முன்பு நான் இருந்த கம்பெனியில் நாங்களே ஆசையாகச் செய்ததுதான். ஒரு ஜனவரியில், பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் முடித்துவிட வேண்டும் என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லில் சிஏ உருவாக்கி, எல்லா ஆப்புக்கும் 365 நாளுக்குச் சான்றிதழ் கொடுத்தோம். கணக்கு உங்களுக்கே புரியும். அடுத்த வருஷம் போகிக்கு முந்தின சாயங்காலம் நான் மடிவாளாவில் திருநெல்வேலி பஸ் ஏறி, அத்திப்பள்ளி டோல் தாண்டும்போது போன் வந்தது.

சட்டென்று எல்லாம் நிற்கவில்லை, அதுதான் குழப்பியது. போஸ்ட்கிரெஸ் சான்றிதழைப் பார்ப்பது கனெக்‌ஷன் தொடங்கும்போது மட்டும். ஏற்கெனவே திறந்திருந்தவை ஓடிக்கொண்டே இருந்தன. எங்கள் ஜாவா பூல் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் 30 நிமிஷத்தில் மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும். திறக்கப் போனது திரும்பி வரவில்லை. முதலில் பத்துக்கு ஒன்று, அப்புறம் பாதி, அரைமணியில் முழுக்க. நெட்வொர்க் பிரச்சினை என்று ஒருவர், கிளவுட் பிரச்சினை என்று இன்னொருவர். கிருஷ்ணகிரி தாண்டி மோட்டலில் பஸ் நின்றபோது, ஹாட்ஸ்பாட்டில் லாகைத் திறந்து 'சான்றிதழ் காலாவதி' என்ற வரியைப் பார்த்தேன். புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டிய சிஏ சாவி, காரைக்குடிக்குப் போய்விட்ட நண்பரின் லேப்டாப்பில். லேப்டாப் ஆபீஸ் டிராயரில். டிராயர் சாவி காரைக்குடியில்.

கடைசியில் புது சிஏ ஒன்றை பஸ்ஸிலேயே உருவாக்கி, சர்வரில் சிஏ கோப்பை மாற்றி ரீலோட் செய்து, ஆப் ஒவ்வொன்றுக்கும் புதுச் சான்றிதழ் கொடுத்து முடித்தோம். சேலம் வந்திருந்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர், "தம்பி, நல்ல நாளும் அதுவுமா என்னப்பா இது" என்றார்.

ஆக, சான்றிதழ் முறையின் விலை போடுவதில் இல்லை, புதுப்பிப்பதில். அதைத் தானாகச் செய்யும் மென்பொருள் வேண்டும். ஹாஷிகார்ப் வால்ட், குபெர்நெட்டிஸில் செர்ட்-மேனேஜர் என்று ஏதாவது ஒன்று. அதையும் ஒருவர் பராமரிக்க வேண்டும். பொதுச் சிஏவிடம் வாங்கிக்கொள்ளலாமே என்றால், அந்தக் கதவும் மூடிக்கொண்டிருக்கிறது. குரோமின் விதிகளால் பொதுச் சிஏக்கள் கிளையன்ட் அடையாளத்துக்கான சான்றிதழ் தருவதை நிறுத்திக்கொண்டு வருகின்றன. வெப் சர்வர் சான்றிதழ்களின் ஆயுளும் 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகச் சுருங்கப் போகிறது. சொந்தச் சிஏவுக்கு அந்த விதி கிடையாது. ஆனாலும் உலகமே கையால் புதுப்பிப்பதை விட்டுவிட்டுப் போகும்போது, நாம் கேலண்டரில் ரிமைண்டர் போட்டுக்கொண்டிருப்பது நன்றாக இல்லை.

வேறு சில சில்லறைச் சங்கடங்கள். சாவிக் கோப்பின் பெர்மிஷன் தளர்வாக இருந்தால் கிளையன்ட் படிக்கவே மறுக்கும், 0600 வேண்டும். டாக்கரில் வால்யூமாக மவுண்ட் செய்யும்போது இதில் ஒரு மத்தியானம் போகும். ஜாவா டிரைவரின் பழைய பதிப்புகள் வழக்கமான பெம் சாவியை ஏற்காது, பிகேசிஎஸ்8 டெர் மாதிரியான வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று இணைப்புகளைப் பகிரும் பிஜிபவுன்சர் இருந்தால் ஆப்பின் சான்றிதழ் பவுன்சரோடு முடிந்துவிடும், டேட்டாபேஸ் பார்ப்பது பவுன்சரின் முகத்தைத்தான். ரிப்போர்ட் போடும் டூல்களில் பாதி யூசர்நேம், பாஸ்வேர்டு தவிர வேறொன்றும் அறியாதவை.

ஒருவரை நீக்குவதும் நினைத்த அளவு சுலபமில்லை. சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று சிஏவிடம் உடனுக்குடன் கேட்கும் ஓசிஎஸ்பி முறையைப் போஸ்ட்கிரெஸ் பார்க்காது, ரத்துப் பட்டியல் கோப்பை மட்டும் படிக்கும். அந்தப் பட்டியலுக்கும் காலாவதித் தேதி உண்டு. அதைப் புதுப்பிக்க மறந்தால் நல்ல சான்றிதழ்களும் சேர்ந்தே நிராகரிக்கப்படும், அதாவது இன்னொரு போகி. நான் ரத்துப் பட்டியலை விட்டுவிட்டு, அந்த யூசருக்கு 'நோலாகின்' (நுழையத் தடை) போட்டு, திறந்திருக்கும் கனெக்‌ஷன்களைக் கையால் வெட்டிவிடுவேன். இரண்டு கமாண்ட், வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: சாவியும் ஒரு கோப்புதான். பாஸ்வேர்டு இருந்த அதே கிட் ரெப்போவில், அதே டாக்கர் இமேஜில் சாவியையும் போட்டு வைத்தால், மூன்றாவது கேள்விக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை. ஒரு வருஷச் சான்றிதழ் கசிந்தால் ஒரு வருஷ ஆபத்து. சாவி அந்த மெஷினிலேயே பிறந்து, வெளியே போகாமல், ஒரு நாளில் காலாவதி ஆனால்தான் இதற்கு அர்த்தம். அந்த அளவுக்குச் செய்ய முடிகிற டீமுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. குறிப்பாக மனிதர் யாரும் தொடாத, சர்வர் சர்வரோடு பேசும் இடங்களில். ரெப்ளிகேஷனுக்கு (டேட்டாபேஸின் நகலை இன்னொரு சர்வரில் ஓடவிடுவது) நான் இன்றும் இதைத்தான் போடுகிறேன்.

## வழி 4: கிளவுட் தரும் தற்காலிக டோக்கன்

ஆர்டிஎஸ்ஸில் ஐஏஎம் (எந்த ரோலுக்கு என்ன அனுமதி என்று கிளவுட் வைத்திருக்கும் ஏற்பாடு) வழியாக நுழைவது. ஆப் தன் ரோலைக் காட்டி டோக்கன் வாங்கும், பாஸ்வேர்டு இடத்தில் அதைக் கொடுக்கும். டோக்கன் 15 நிமிஷத்தில் செத்துவிடும், அதற்குள் திறந்த கனெக்‌ஷன் தொடரும். சேமித்து வைக்க ரகசியமே இல்லை. ரகசியத்தைப் புதுப்பிக்கும் வேலையும் நமக்கு இல்லை. ஐந்தாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் யாரிடமும் இல்லை.

இதற்கும் வெரிஃபை-ஃபுல் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டோக்கனைப் போலி சர்வருக்குக் கொடுத்தால் 15 நிமிஷம் அவனுக்குத் தாராளம். பூல் டிரைவர் ஒவ்வொரு முறையும் புது டோக்கன் கேட்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நொடிக்கு நொடி கனெக்‌ஷனைத் திறந்து மூடும் ஆப்புக்கு ஒத்துவராது. நாளைக்கு சொந்த டேட்டா சென்டருக்கோ வேறு கிளவுடுக்கோ போனால் இந்த ஏற்பாட்டை மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | உள் நெட்வொர்க், டனல் | டிஎல்எஸ் + ஸ்க்ராம் | கிளையன்ட் சான்றிதழ் | கிளவுட் டோக்கன் |
|---|---|---|---|---|
| ஒட்டுக்கேட்பு | டனல் முடியும் வரை மட்டும் | தடுக்கும் | தடுக்கும் | தடுக்கும் |
| போலி சர்வர் | டனலுக்குப் பின் பார்க்காது | வெரிஃபை-ஃபுல் இருந்தால் மட்டும் | வெரிஃபை-ஃபுல் இருந்தால் மட்டும் | வெரிஃபை-ஃபுல் இருந்தால் மட்டும் |
| கசிந்தால் | சாவியை நீக்கும் வரை | மாற்றும் வரை | காலாவதி வரை | 15 நிமிஷம் |
| ஆளை நீக்க | டனல் சாவியை நீக்கணும் | பாஸ்வேர்டை மாற்றணும் | நோலாகின் | ரோலை எடுத்தால் போதும் |
| புதுப்பிப்பு | குறைவு | சிஏ மாறும்போது | ஓயாத வேலை | சிஏ மாறும்போது மட்டும் |

## யாருக்கு எது

பத்துப் பேர் டீம், ஒரே டேட்டாபேஸ், தனியாக ஆபரேஷன்ஸ் ஆள் இல்லை என்றால் வழி 2. யோசிக்கவே வேண்டாம். எல்லாமே ஒரே கிளவுடில், ஐந்து வருஷத்துக்கு நகரப் போவதில்லை என்றால் வழி 4. சொந்த சர்வர்கள், நிறைய மைக்ரோசர்வீஸ், வால்ட் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் வழி 3. ஆடிட்டருக்காக மட்டும் வழி 3-க்குப் போகாதீர்கள். நான் மேலே சொன்ன விதிகள் என்கிரிப்ஷனைத்தான் கேட்கின்றன, கிளையன்ட் சான்றிதழை இல்லை. மனிதர்கள் நுழையும் வழி எதுவானாலும் டனலுக்குள்ளேயே இருக்கட்டும்.

தம்பிக்கு வழி 2 என்று சொன்னேன். மேனேஜரிடம் சொல்ல ஒரு காரணமும் கொடுத்தேன்: உங்கள் டீமில் சிஏ சாவி யாரிடம் இருக்கும் என்று கேள், பதில் ஒரு ஆளின் பெயராக இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

மாற்றும்போது வரிசையைக் கவனிக்கச் சொன்னேன். எச்பிஏ கோப்பில் முதலில் பொருந்தும் வரிதான் செல்லும். மேலே 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' (என்கிரிப்ஷனோடு வருபவர்கள் மட்டும்) என்று அழகாக எழுதிவிட்டு, கீழே பழைய 'ஹோஸ்ட் ஆல் ஆல்' வரியை விட்டு வைத்தால், என்கிரிப்ஷன் இல்லாமல் வருபவர்கள் அந்தக் கீழ் வரி வழியாக ஜாலியாக உள்ளே வந்துவிடுவார்கள். அதை மூடும் முன், பிஜி ஸ்டாட் எஸ்எஸ்எல் வியூவை ஆக்டிவிட்டி வியூவோடு சேர்த்து, யாரெல்லாம் எஸ்எஸ்எல் இல்லாமல் வருகிறார்கள் என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும். அந்த நிமிஷம் திறந்திருப்பவை மட்டுமே அதில் தெரியும், அதனால் மணிக்கொரு முறை ஓடவிட்டுச் சேமித்துக்கொள்ளச் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை மெசேஜ் வந்தது. எல்லா ஆப்பும் சரியாக வந்துவிட்டன, ஒரே ஒரு ஐபி மட்டும் மிச்சம். தேடிப் பார்த்தால் அக்கவுண்ட்ஸில் ஒரு அக்காவின் டெஸ்க்டாப், எக்செல்லில் இருந்து ஓடிபிசி டிரைவர் வழியாக நேராக டேட்டாபேஸுக்கு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலைக்காம். "இப்ப மூடினா அக்கா என்னைக் கொன்னுடுவாங்கண்ணா. 20-ஆம் தேதிக்கு அப்புறம் மூடறேன்" என்றிருந்தான்.